கோட்டைக் கதவைத் திறக்காத ராஜா

அன்புத் தங்கச்சி வாலுவுக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குப் பதறியிருக்கும். இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு, உட்கார்ந்து படி. உன் அண்ணி நன்றாக இருக்கிறாள். தையல் கடையும் ஓடுகிறது. பள்ளிச் சீருடை ஆர்டர் இந்த வருடமும் வந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடி வெட்டிக் கொடுக்கிறேன், தையலை அவள் பார்த்துக்கொள்கிறாள். என் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவள் உனக்கு வாராவாரம் போனில் ஒப்பிப்பது எனக்குத் தெரியும். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினால் எனக்குக் கேட்காது என்று நினைக்கிறாள். கெட்டுப்போனது சிறுநீரகம்தான், காது இல்லை.

போன் செய்யாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். பதினாலு மாதத்துக்கு முன்னால் பேச்சின் நடுவில் போனை வைத்தவன் நான். இப்போது நீ 'அண்ணா' என்று ஆரம்பித்தால் போதும், சொல்ல வந்ததை விட்டுவிட்டு அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டு வைத்துவிடுவேன். என்னை உனக்குத் தெரியாதா.

வாரத்தில் மூன்று நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ஏழு மணிக்கு ஊசி குத்தி டயாலிசிஸ் மெஷினில் கோத்துவிட்டால் பதினொன்று வரைக்கும் கையை அசைக்கக் கூடாது. எங்கள் அறையில் மூன்று கட்டில். ஜன்னல் ஓரம் ஒரு பஸ் டிரைவர், ஐந்து வருடமாக வருகிறார். நடுவில் நான். கதவுப் பக்கம் ஓய்வு பெற்ற சரித்திர டீச்சர். எதிர்ச் சுவரில் ஒரு டிவி. முந்தின நாள் ஒளிபரப்பான ராஜா கதை சீரியலைக் காலையில் மறுபடியும் போடுவார்கள். முதலில் நேரம் போவதற்காகத்தான் பார்த்தோம். பிறகு அதற்காகவே நேரத்தோடு போக ஆரம்பித்தோம்.

நாங்கள் பார்க்கிற அழகை நீ பார்க்க வேண்டும். அந்த மந்திரி வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறான், அதனால் அவன்தான் துரோகி என்று டிரைவர் முதல் வாரமே தீர்ப்பு எழுதிவிட்டார். அந்த அரண்மனையில் மூளை உள்ள ஒரே ஆள் மந்திரிதான் என்பது டீச்சரின் கட்சி. ராணி எல்லா ரகசியத்தையும் தூணுக்குப் பின்னால் நின்றே கேட்டுவிடுகிறாள். தூண் இல்லாத வீட்டில் இந்த சீரியல் ஒரு வாரம் தாங்காது என்று நர்ஸ் அம்மா சொல்வாள். தளபதி விடியக் கிளம்பி மதியத்துக்குள் எல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது டிரைவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தத் தூரத்துக்கு என் பஸ்ஸே பத்து மணி நேரம் எடுக்கும், குதிரைக்கு யார் டீசல் போட்டது என்று கத்தினார். என் பங்குக்கு நான் ராஜாவின் அங்கியைப் பிடித்துக்கொண்டேன். யுத்தத்தில் கை கிழிகிறது, உள்ளே துணி ஓரம் பிரியாமல் மெஷினில் போடும் ஓவர்லாக் தையல் பளிச்சென்று தெரிகிறது! பல நூறு வருடத்துக்கு முன்னால் எவனடா ஓவர்லாக் மெஷின் வைத்திருந்தான்? ஆவேசத்தில் கை அசைந்துவிட்டது, மெஷின் கூவியது, நர்ஸ் ஓடிவந்து திட்டினாள்.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அந்த அறைக்கு முதல் நாள் போனபோது இனிமேல் சிரிப்பு என்று ஒன்று இருக்காது என்றுதான் நினைத்தேன். அவர்கள் இரண்டு பேருக்கும் நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. கதையில் ராஜாவின் கோட்டையை எதிரிகள் சுற்றி வளைத்துவிட்டார்கள். பக்கத்து நாட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கை தன் படையில் பாதியைப் பிரித்து அனுப்புகிறாள், கூடவே ஓர் ஓலை. ராஜா கதவைத் திறக்கவில்லை. ஓலையைப் பிரிக்கக்கூட இல்லை. என் தங்கையின் நாட்டைப் பலவீனமாக்கி நான் பிழைக்க வேண்டாம் என்று மதில்மேல் நின்று வசனம் பேசிவிட்டுப் படையைத் திருப்பி அனுப்பிவிட்டான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இவன் அண்ணன், இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொன்னேன்.

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "படை அவளோடது. அனுப்பலாமா வேண்டாமான்னு அவ யோசிச்சு முடிவு பண்ணிட்டா. இவன் யாரு அவளுக்காகத் திரும்ப முடிவு பண்ண? அட, ஓலையையாவது படிச்சானா?" என்று கேட்டார். அவள் நல்லதுக்குத்தான் செய்தான் என்றேன். "நல்லதும் இல்ல, ஒண்ணும் இல்ல. கொடுத்தே பழகினவன், வாங்கிக்க வெட்கப்படறான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி இருந்தால்தான் அதெல்லாம் புரியும் என்று நான் எகிற, மெஷின் மறுபடியும் கூவியது.

சத்தம் அடங்கின பிறகு டிரைவர் மெதுவாகப் பேசினார். அவர் மனைவி சிறுநீரகம் தரலாம் என்றால் ரத்தம் பொருந்தவில்லை. அவர் தம்பியோ விஷயம் தெரிந்த நாளிலிருந்து போனை எடுப்பதில்லை. ஐந்து வருடமாகக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறார். "எனக்கு அனுப்ப ஒரு ஆள் இருந்திருந்தா, நான் கோட்டைக் கதவையே கழட்டி வச்சிருப்பேன் சார்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் தங்கச்சி ஒரு சிறுநீரகம் தருகிறேன் என்று சொன்னாள், நான்தான் வேண்டாம் என்றுவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். டிரைவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். புதன்கிழமையும் என்னோடு பேசவில்லை.

அந்தப் புதன்கிழமை டீச்சர் ஒரு பழைய சரித்திரப் புத்தகத்தோடு வந்தார். ஊசி குத்தாத கையால் பக்கத்தைப் பிரித்து என்னைப் படிக்கச் சொன்னார். நிஜத்தில் அந்த ராஜா கதவைத் திறந்துவிட்டானாம். தங்கையின் படையை உள்ளே விட்டு, முற்றுகையை உடைத்து, அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் ஆண்டிருக்கிறான். கால்வாய் வெட்டியிருக்கிறான், சாலை போட்டிருக்கிறான். தங்கையின் நாட்டுக்கும் ஒரு கேடும் வரவில்லை. பிறகு ஏன் சீரியலில் மாற்றிவிட்டார்கள் என்று கேட்டேன். "வாங்கிக்கிட்டு நல்லபடியா இருந்தவனை வச்சு எத்தனை எபிசோடு எடுக்க முடியும்? செத்தாதானே வசனம் பேசலாம்" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, துணி வெட்டும் மேஜை அலமாரியில் பதினாலு மாதமாகக் கிடந்த உன் கவரை எடுத்தேன். ஆமாம் வாலு, நீ அனுப்பினதை நான் பிரிக்கவே இல்லை. பிரித்தால் மனசு இளகிவிடும் என்று பேட்டர்ன் காகிதங்களுக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன். பரிசோதனை முடிவுகளுக்கு மேலே நீ எழுதியிருந்த சீட்டு இருந்தது. 'அண்ணா, எல்லா டெஸ்ட்லயும் பாஸ். ஸ்கூல்ல கூட நான் இப்படி மார்க் வாங்கினதில்ல.' அதற்குக் கீழே மாப்பிள்ளையின் கையெழுத்து. 'மச்சான், நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசித்தான் முடிவு பண்ணோம். டாக்டர்கிட்ட எல்லா சந்தேகமும் கேட்டுட்டோம்.' உன் அண்ணி அடுப்படியிலிருந்து வந்து பார்க்கிறாள், நான் அறுந்த பட்டன் மாதிரி தரையில் கிடக்கிறேன். அழுதேன். வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன்.

ஒரு நல்ல துணியை வெட்டி இன்னொன்றில் ஒட்டுப் போட்டால் இரண்டும் வீணாகும் என்று பதினாலு மாதத்துக்கு முன்னால் போனில் சொன்னேன். தையல்காரன் புத்தி. உன்னையும் ஒரு துணியாக நினைத்துவிட்டேன், உனக்கும் ஒரு வாய் இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன். இனிமேல் இந்தப் பேச்சை எடுப்பதாக இருந்தால் போனே செய்யாதே என்றும் சொன்னேன். அதை எந்த வாயால் சொன்னேனோ. மன்னித்துக்கொள் அம்மா. மாப்பிள்ளையிடமும் சொல். அவர் சம்மதித்திருக்க மாட்டார் என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை கவரை டாக்டரிடம் காட்டினேன். இதெல்லாம் பழசாகிவிட்டது, எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும், அதற்கும் முன்னால் உங்கள் தங்கைக்கு இன்னும் விருப்பம் இருக்கிறதா என்று கேளுங்கள் என்றார். அறைக்குத் திரும்பி டிரைவரிடம் எழுதப் போகிறேன் என்றேன். முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு, "அந்தம்மா வந்தா எங்கிட்டயும் கூட்டிட்டு வாங்க சார். நான் ஒரு கும்பிடு போட்டுக்கறேன்" என்றார். 

இந்தப் பதினாலு மாதத்தில் உனக்கு மனம் மாறியிருக்கலாம். உன் உடம்போ வீடோ முன்போல் இல்லாமல் இருக்கலாம். அப்படியென்றால் ஒரு வரியில் எழுதிவிடு, உன்மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் வராது. நீ கொடுக்க நினைத்ததே எனக்குப் போதும். அதற்கு நன்றி சொல்லாமல் இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறேனே, அதுதான் என்னைக் குடைகிறது.

ஆனால் நான் கேட்காமல் விட்டால் அது உனக்குச் செய்கிற இரண்டாவது தப்பு. விவரம் தெரிந்த நாளிலிருந்து உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உன் சிறுநீரகத்தில் ஒன்றை எனக்குக் கொடு வாலு. எனக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்க ஆசையாக இருக்கிறது. இதை உன் அண்ணியிடம்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன்னிடம் கை நீட்டி நிற்கும்,
அண்ணன்