படகுக்கு ஏற்ற எடை

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் மகள் வணக்கத்துடன் எழுதுவது. முதுகுவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

பட்டறையில் ஒரு பழைய சின்ன மோட்டார் படகைப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறோம். எஞ்சினை இரண்டு விரற்கடை உயர்த்தினோம். தண்ணீரைத் தள்ளும் விசிறியை மாற்றினோம். அடிப்பலகையை நான்தான் கை தோலுரியத் தேய்த்து வழவழப்பாக்கினேன். ஆனாலும் மேஸ்திரி ஓட்டியபோது அவர் கனத்தில் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. என்னை ஓட்ட ஏற்றினார்கள், படகு பறந்தது. என் வேலையைப் பாராட்டுவார்கள் என்று கரையில் வந்து நின்றேன்.

“இவ ஏறினா படகுல ஆள் இருக்கறதே தெரியல,” என்று மேஸ்திரி சிரித்தார்.

“பந்தயம் முடியிற வரைக்கும் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம்மா. இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கும்,” என்றார் முதலாளி. வேலை போய்விடுமோ என்று தலையாட்டினேன்.

இங்கே வயிறாரச் சாப்பிடுவேன் என்றுதானே அனுப்பினீர்கள். கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்கும்போது இதை விட்டுவிடுங்கள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, கொஞ்சம் ஊக்கு அனுப்புங்கள். இங்கே யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எடை பார்க்கக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் மகள்