எட்டரை மணி மிஸ்டு கால்

ராத்தா,

இன்று காலை அலுவலகத்தில் நன்றாகத் திட்டு வாங்கினேன். எங்கள் மெயில் செர்வர் இரண்டு மணி நேரம் வேலை செய்யாமல் படுத்துக் கிடந்திருக்கிறது. யாருக்கும் ஒரு மெயில்கூடப் போகவில்லை. ஆனால் எனக்கு எதிரே இருக்கும் கண்காணிப்புத் திரையில் அதற்கு நேராகப் பச்சை எரிந்துகொண்டே இருந்தது. தப்பு என்னுடையதுதான். அந்தக் கணினி விழித்திருக்கிறதா என்று மட்டும் கேட்கும்படி சோதனையை அமைத்திருந்தேன். மெயில் போகிறதா வருகிறதா என்று கேட்க ஒரு சோதனை தனியாக வைக்க வேண்டும், அதை விட்டுவிட்டேன். பிறகு உட்கார்ந்து அதையும் சேர்த்தேன். சேர்த்து முடித்ததும் அந்தப் பச்சையைப் பார்க்கப் பிடிக்காமல் எழுந்து வெளியே போய்விட்டேன்.

துபாய்க்கு நான் கிளம்புவதற்கு முந்தின நாள் நீ இறால் உரித்துக்கொண்டிருந்தாய். முத்துப்பேட்டையில் பாதி வீட்டு ஆண்கள் அப்போதே அரபு நாடுகளில்தான் இருந்தார்கள். கடையில் நிற்கவோ வண்டி ஓட்டவோ போனவர்கள். கணினி பார்க்கப் போகிறவன் நம் தெருவில் நான் ஒருவன்தான். என்ன வேலை என்று கேட்டாய். பெருமை தாங்காமல் விளக்கினேன்.

“அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு செர்வரையும் கேக்கும். பதில் வந்தா பச்சை. மூணு தடவை கேட்டும் வரலைன்னா சிவப்பு. அப்பத்தான் நாங்க எந்திரிச்சு ஓடணும்.”

“இருக்கியா, இருக்கியான்னு கேக்கறதுக்கா ஒன்னைய ஃபிளைட்டுல கூப்புடுறாங்க? சரி, பச்சையா இருந்தா?”

“திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம்.”

“நல்ல வேலைடா,” என்று இறாலைப் பார்த்தபடியே சொன்னாய்.

அன்றைக்கே நமக்கும் ஒரு விதி போட்டேன். தினமும் காலை எட்டரைக்கு நீ ஒரே ஒரு ரிங் விட்டு வைத்துவிட வேண்டும். எனக்கு அப்போது ஏழு மணி, வேலைக்குக் கிளம்பும் நேரம். நான் எடுக்கக் கூடாது. ரிங் வந்தால் வீட்டில் எல்லோரும் நலம். உம்மாவும் வாப்பாவும் போன பிறகு எனக்கு வீடு என்றால் கூடப்பிறந்த அக்கா நீ ஒருத்திதானே. முதல் இரண்டு வருடம் லீவு கிடையாது, நடுவில் ஊருக்குப் போனால் வேலை போய்விடும் என்பதையும் உன்னிடம் சொல்லித் தொலைத்தேன்.

ஒன்றேகால் வருடம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒரே ஒரு நாள் இருபது நிமிடம் தாமதமானது. பதறிப்போய் நானே கூப்பிட்டேன். உன் மகள் ஷமீமா எடுத்தாள். “உம்மா குளிக்கிறாங்க மாமா,” என்றாள். சரி என்று வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் பேசுவோமே, அப்போது ஏன் குரல் கம்மியிருக்கிறது என்று கேட்டேன்.

“ஆத்துல புதுத்தண்ணி வந்திருக்குல்ல. குளிச்சேன், சளி புடிச்சிருச்சு. ஒன் பச்சையெல்லாம் எப்படி இருக்கு?”

நான் சிரித்துவிட்டு, மீதி நேரம் முழுக்க என் கதையையே பேசினேன். என்னை எதைக் கேட்டால் நான் பேச்சை மாற்றுவேன் என்று உனக்குத் தெரியும். அந்த மாதங்களில் எனக்குத் தெரியாமல் நீ புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொள்ள மச்சானோடு தஞ்சாவூருக்குப் போய் வந்துகொண்டிருந்தாய். முடி கொட்டி, சோறு இறங்காமல் படுத்திருந்தாய். எட்டரைக்கு ரிங் விட்டுக்கொண்டிருந்தது ஷமீமா.

அந்தக் கடைசி நாளும் ஏழு மணிக்கு என் போன் ஒரு முறை அடித்து நின்றது. பார்த்துவிட்டு நிம்மதியாக டீ குடித்தேன். பத்து மணிக்கு மச்சான் கூப்பிட்டார்.

“தம்பி, ஒங்க ராத்தா மவுத்தாயிட்டா. விடியக்கால சுபுஹு நேரத்துல உசுரு போயிருச்சு.”

“இல்லையே மச்சான். எட்டரைக்கு மிஸ்டு கால் வந்துச்சே,” என்றேன்.

அந்த வார்த்தையை நான் எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

நான் ஊருக்கு வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. ஷமீமா என்னைப் பார்க்கவே பயந்தாள். “என்ன ஆனாலும் எட்டரைக்கு அடிச்சிரணும்னு உம்மா சொல்லியிருந்தாங்க மாமா. நின்னு போச்சுன்னா மாமா வேலையப் போட்டுட்டு ஓடி வந்துரும்னாங்க. அன்னைக்கி என்ன செய்யறதுன்னு தெரியல. அடிச்சிட்டேன்.” உம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருக்க, பதினைந்து வயதுப் பிள்ளை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளிடம் எனக்குக் கோபமே இல்லை. உன்னிடம் இருந்தது, ராத்தா. நிறையவே இருந்தது.

தம்பி பிழைப்பு கெடக் கூடாது என்று நினைத்த தங்கமான மனசு என்று ஊரில் சொல்கிறார்கள். தெரிந்திருந்தால் வேலையை உதறிவிட்டு வந்திருப்பேன் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். சொல்லும்போது என் குரல் உறுதியாகத்தான் இருக்கிறது. தனியாக இருக்கும்போதுதான் அவ்வளவு நிச்சயமாக இல்லை. புது வேலை, இன்னும் கொஞ்ச நாள்தானே, மச்சான் பார்த்துக்கொள்வார் என்று துபாயிலேயே இருந்திருக்கவும் கூடும். எனக்கே என்னைப் பற்றி அந்தச் சந்தேகம் இருக்கிறது. நான் ஓடி வந்துவிடுவேன் என்பதில் உனக்கு மட்டும் சந்தேகமே இருந்ததில்லை. அந்த நம்பிக்கையைத்தான் இறக்கி வைக்கத் தெரியாமல் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.