வேம்பியின் துடுப்புப் பாட்டில் நிரப்பப்பட்ட இடங்கள் குறித்து

கழிமுகங்கள் தூர்ந்து போகாதிருக்க, துறைதோறும் விளக்கு எரிந்திருக்க, கரை சேர வேண்டியவர் கரை சேர்ந்திருக்க. ஒன்பது துறைகளுக்கும் உடையவளும் மீன்கொத்திக் கொடி உயர்த்தியவளுமாகிய கோப்பெருந்தேவி இளநங்கை, வெண்மணற்றுறைத் தலைவரும் நம் இசைமண்டபத்து அமைச்சருமாகிய பெருஞ்சாத்தனார்க்கு விடுக்கும் ஓலை. உம் துறையும் உம் குடிகளும் உம் உப்பளங்களும் நலமுற்று வாழ்க. உமக்கு நாம் அளித்த பட்டங்கள் ஆறையும் எழுத எழுத்தர் எழுத்தாணியை எடுத்தார். இரண்டு போதும் என்று நிறுத்திவிட்டோம். காரணம் படிக்கப் படிக்க உமக்கே விளங்கும்.

அம்மண்டபத்தை எழுப்ப ஆணையிட்டது நாமே. அரண்மனைச் சம்பளமும் கோயில் மானியமும் இல்லாமல், கிணறு தோண்டும் இடத்திலும் உப்பு வாரும் இடத்திலும் தாமாகப் பாட்டுக் கட்டிப் பாடுவோரின் குரல் நாடெங்கும் கேட்க வேண்டும் என்பதே நம் விருப்பம். அதற்காகவே பன்னீராயிரம் பாடல்களைக் கேட்டுக் கற்ற செய்யறிவுப் பொறியை அங்கே நிறுவினோம். ஒருவர் அதன் முன் நின்று பாடினால், அப்பாட்டுக்கு ஏற்ற முழவையும் யாழையும் குழலையும் அது தானே கூட்டித் தரும்; முப்பத்திரண்டு சந்தைகளில் நாம் நாட்டிய ஒலித்தூண்கள் அன்றைக்கே அதைப் பாடும். முதலாண்டு எல்லாம் நன்றாகவே நடந்தது. அதை மறுக்க மாட்டோம்.

இவ்வாண்டு ஆனைவாய்க் கழியின் ஓடக்காரி வேம்பி உம் மண்டபத்துக்கு வந்தாள். பன்னிரு துடுப்புகள் போடும் ஓடத்தில் தலைத்துடுப்பு அவளுடையது. பாட்டும் அவள் கட்டியது. ஓர் அடி பாடுவாள், பிறகு ஒரு மூச்சு நேரம் வாய் மூடுவாள். அந்த மூச்சு நேரத்தில்தான் பன்னிரு துடுப்பும் ஒன்றாய் நீரை இழுக்கும். தன் பாட்டுக்கு ஒரு முழவு மட்டும் சேர்த்துத் தந்தால் போதும் என்று அவள் கேட்டதாக உம் மண்டபத்துக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது.

உம் பொறியோ அவள் வாய் மூடிய இடங்களையெல்லாம் வெறும் இடம் என்று எண்ணி, ஒன்று விடாமல் குழைவான ஆலாபனையால் நிரப்பிவிட்டது. பொறியை நாம் நோகவில்லை. அது துடுப்புப் பிடித்ததில்லை. நிரப்பியதை அவளுக்கு ஒருமுறை போட்டுக் காட்டாமலே முப்பத்திரண்டு தூண்களுக்கும் அனுப்பினீரே, உம்மைத்தான் நோகிறோம். இதையும் சொல்லிவிடுகிறோம்: அந்தப் பாட்டு நமக்கும் பிடித்திருந்தது. பத்து நாள் நீராடும்போதெல்லாம் நாமும் அதை முணுமுணுத்தோம். இப்போது நினைத்தால் நம் வாயின் மேலேயே நமக்கு அருவருப்பாக இருக்கிறது.

புதுவெள்ளத் திருநாளன்று ஒன்பது ஓடங்கள் ஆனைவாயைக் கடந்தன. முன்னோடத்தில் வேம்பி இருந்தாள். பின்னால் வந்த ஓடத்தில் இருந்தவர்கள் நகரத்துப் பிள்ளைகள்; அவள் பாட்டைத் தூணில் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள். அவர்கள் பாடிய பாட்டில் இழுக்க இடமே இல்லை. ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தார்கள். நடு நீரோட்டத்தில் ஓடம் குறுக்கே திரும்பி முன்னோடத்தின் விலாவில் மோதியது. எவர் உயிரும் போகவில்லை. துடுப்புக்கும் ஓட விளிம்புக்கும் இடையில் சிக்கிய வேம்பியின் வலக்கை மூன்று இடங்களில் முறிந்தது.

நான்காம் நாள் அவள் கட்டுப்போட்ட கையோடு உம் வாசலில் வந்து நின்றாள். அந்தப் பாட்டைத் தூண்களிலிருந்து இறக்கிவிட வேண்டும், அடுத்த வெள்ளத்துக்கும் பிள்ளைகள் அதைத்தான் பாடிக்கொண்டு வருவார்கள், வாய் மூடினால்தான் கை இழுக்கும் என்று சொல்லிக் கெஞ்சினாள். நீர் எழுந்து வரவில்லை. பொறியின் முன் பாடிய பாட்டு மண்டபத்துக்கே சொந்தம் என்று காவலர் வாயிலாகச் சொல்லி அனுப்பினீர். காலை முதல் உச்சிவேளை வரை வெயிலில் நின்றுவிட்டு, அவள் நம் அவைக்கு நடந்து வந்தாள்.

விளக்கம் கேட்டோம், உம் மறுமொழி வந்தது. வேம்பியின் பாட்டில் ஓட்டைகள் இருந்தன என்றும், கிழிசலைத் தைப்பதுபோல் பொறி அவற்றைத் தைத்தது என்றும், பாட்டு ஒரு மூச்சு நேரம் நின்றாலும் சந்தையில் கேட்போர் நகர்ந்துவிடுவர் என்றும், ஒன்பது துறைகளிலும் இதுவே அதிகம் விரும்பப்பட்ட பாட்டாதலால் இறக்குவது மண்டபத்தின் புகழுக்கு இழுக்கு என்றும் எழுதியிருந்தீர். அவள் கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஓலையைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கையைக் கழுவினோம்.

ஆகையால் நம் ஆணை இது. இன்று பொழுது சாய்வதற்குள் முப்பத்திரண்டு தூண்களும் அப்பாட்டை நிறுத்துக. இனி எந்தப் பாட்டையும், பாடியவர் முழுதும் கேட்டுச் சரியென்று சொல்லாமல் அனுப்பாதொழிக. பாடியவர் கேட்டதைச் சேர்ப்பதே பொறியின் வேலை. கேளாததை அது தொடாதொழிக. பாட்டு பாடியவருடையது, அவர் எந்நாள் திருப்பிக் கேட்டாலும் அந்நாளே கொடுக்கப்படுக. வேம்பியின் பாட்டு அவள் பாடியபடியே, வாய் மூடிய இடங்களோடு, மீண்டும் தூணேற வேண்டுமா என்பதை அவளே முடிவு செய்க. அவள் கை தேறும் வரை அவளுடைய ஓடத்தில் மற்றவர் ஓரிடம் முன்னே நகர, கடைசியில் ஒழியும் பன்னிரண்டாம் துடுப்பை நீரே போடுக. உம் கைக்குத் துணி சுற்றிக்கொள்ள அனுமதிக்கிறோம்.

மீன்கொத்தி முத்திரையை இட்டோம். அதன் கீழே நான்கு விரல் அகலம் வெறுமையாக விட்டிருக்கிறோம். எழுத்தர் அதில் வாழ்த்துரை எழுத வந்தார், தடுத்துவிட்டோம். அது வேம்பியின் இடக்கைப் பெருவிரலுக்கு உரிய இடம். அவள் மை தொட்டு அங்கே ஒற்றாத வரை நம் ஆணை செல்லாது. ஒரு சொல் அவளுக்கு ஒவ்வாவிட்டாலும் ஓலையைத் திருப்பி அனுப்புக, மீண்டும் எழுதுவோம்.

இதை உம்மிடம் கொண்டுவந்தவள் அவளே. ஓலை கொணர்ந்தவர் அமர்ந்திருக்க, பெறுபவர் நின்று படிப்பது நம் நாட்டு முறை என்பது உமக்குத் தெரியும். வேம்பிக்கு எழுத்து தெரியாது. ஆகவே இதுவரை வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தீரானால் முதல் ஏட்டுக்குத் திரும்பி, அவளுக்குக் கேட்கும்படி உரக்கப் படியும்.