சுக்குப் பொடி டப்பாவில் இருப்பது

கிழக்கேகோட்டை,
திருவனந்தபுரம்,
11-7-1938

அன்பு மகள் பகவதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கல்கத்தாவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்கவேண்டும் என்று காலையிலிருந்து கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி செல்லபாய் எழுதுகிறாள். மேலே படிக்குமுன் நான் அனுப்பிய சுக்குப் பொடி டப்பாவை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடு. அதில் இருப்பது சுக்கு இல்லை என்று சொல்.

உன் வயிற்றுக்கடுப்புக்காகச் சாலைக் கடைத்தெருவில் தாணுலிங்கம் கடையில் குடகப்பாலைப் பட்டை வாங்கினேன், நம் வீட்டில் கடுப்புக்கு எப்போதும் அந்தக் கஷாயம்தானே. அங்கே உனக்கு உரல் இல்லையே என்று நானே இடித்துச் சலித்தேன். நாட்டு மருந்தென்றால் மாப்பிள்ளை கேலி செய்வார் என்று சுக்குப் பொடி என எழுதி ஒட்டி, அவருக்குத் தெரியாமல் குடி என்று உனக்கும் எழுதினேன். அதே கடையில் அதே சாக்கிலிருந்த பட்டையை எதிர்வீட்டுக் குற்றாலலிங்கம் அண்ணனும் வாங்கியிருக்கிறார். வியாழக்கிழமை காலையில் கஷாயம் குடித்தார், கொஞ்ச நேரத்தில் தாடை பிடித்துக்கொண்டது, அடுக்களையில் ஒரு செம்பு விழுந்த சத்தத்துக்கே உடம்பு வில்லாய் வளைந்தது. நினைவு தப்பவில்லை மக்கா, அதுதான் கொடுமை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் சாயங்காலத்துக்குள் போய்விட்டார்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத செல்லபாய் மறுநாள் தனியாக அந்தக் கடைக்குப் போனாள். முப்பது வருஷமா விக்கேன், பட்டை பாக்க பி.ஏ. படிக்கணுமாக்கும் என்று தாணுலிங்கம் கேட்டாராம். இவள் ஒரு கைப்பிடி வாங்கி வந்து, தான் படித்த காலேஜில் திராவகம் விட்டுப் பார்த்தாள். சில துண்டு அப்படியே இருந்தது, சில துண்டின் உள்புறம் ரத்தமாய்ச் சிவந்தது. அப்படிச் சிவந்தால் அது காஞ்சிரமாம், விஷமுள்ள எட்டிமரத்துப் பட்டை. பொன்முடி அடிவாரத்தில் இரண்டு மரமும் அடுத்தடுத்து நிற்குமாம், உரித்துக் காயவைத்தால் வித்தியாசம் தெரியாதாம். இரண்டும் கசக்கும். நானும் நாக்கில் வைத்துப் பார்த்து நல்ல கசப்பு என்று சந்தோஷப்பட்டேனே. துண்டாக அனுப்பியிருந்தாலாவது யாரிடமாவது காட்டிப் பிரித்திருக்கலாம். பொடியில் எதைப் பிரிக்க.

பட்டை மருந்து கொடுக்கவேண்டாம் என்று அப்பா நேற்று மாப்பிள்ளை ஆபீசுக்குத் தந்தி அடித்தார். மருந்து எதுவும் வரவில்லை, சுக்குப் பொடிதான் வந்தது, எல்லோரும் சௌக்கியம் என்று இன்று காலை பதில் வந்தது. அப்பா நிம்மதியாக உட்கார்ந்தார். அப்புறம்தான் டப்பாவைப் பற்றி நான் வாய் திறந்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பத் தந்தியாபீசுக்கு ஓடினார். விளக்கு வைத்தாயிற்று, அதற்கு இன்னும் பதில் இல்லை. நீ ஒளித்துக் குடிப்பாய் என்று பயமாக இருக்கிறது. குழந்தைக்கு வயிறு உப்பினால் மாப்பிள்ளையே சுக்கென்று நம்பித் தேனில் குழைத்துக் கொடுப்பாரே, அதை நினைக்கவே முடியவில்லை. யாருக்காவது கழுத்தோ தாடையோ இழுத்தால் மோர், கஞ்சி என்று நேரம் போக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், எட்டிப் பட்டை என்று சொல்லுங்கள், டப்பாவையும் காட்டுங்கள். மாப்பிள்ளை என்னை என்ன பேசினாலும் பேசட்டும்.

பகவதியம்மை உங்கள் மூன்று பேருக்கும் துணை நிற்கட்டும். இதைக் கண்டவுடன் தந்தி கொடு. மாப்பிள்ளை பெயரில் வேண்டாம், உன் பெயரில் கொடு. குழந்தையைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சேர்.

இப்படிக்கு,
வாசலையே பார்த்திருக்கும் அம்மா
முத்தாரம்மாள்