காலித் தொட்டியோடு கப்பலேறிய வண்டிகள்

மச்சி,

இன்று காலை வடக்குப்பட்டு டீக்கடை அடுப்பில் உன் ஊர் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் பைக் ஆலை யார்டில் வெயிலும் மழையும் தின்று கிடந்த ஏற்றுமதிப் பெட்டிகளைக் கம்பெனி உடைத்து விறகுக்குக் கொடுத்துவிட்டது. சிலிண்டர் விலை ஏறியதிலிருந்து கடைக்கார அக்கா விறகுக்கு மாறிவிட்டார். ஒரு பலகையில் உங்கள் துறைமுகத்தின் பெயர் கறுப்பு மையில் அச்சடித்திருந்தது. பாதிப் பெயர் அடுப்புக்குள், பாதி வெளியே. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்த அக்கா பலகையை உள்ளே தள்ளிவிட்டு, "இன்னா அப்டியே நின்னுகினு கீற? டீ ஆறுது பாரு" என்றார். அந்தப் பெட்டியைக் கடலுக்கு அப்பால் பிரிக்க வேண்டியவன் நீ என்பதை அவரிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? குடித்துவிட்டு ஷிப்டுக்குப் போனேன்.

உன்னை ஒரகடத்துக்கு அனுப்பியது உங்கள் ஊர் டீலர். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், நிலத்துக்கடியில் எண்ணெய் கிடக்கும் நாட்டிலிருந்து, எங்கள் பைக்கைக் கோர்க்கக் கற்றுக்கொள்ள வந்தாய். என் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். என் வேலைதான் உனக்குத் தெரியுமே. வண்டியை ஓட்டிச் சோதித்த பிறகு, சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் கழற்றிப் பெட்டியில் அடைப்பதற்கு முன்னால், தொட்டியிலிருக்கும் பெட்ரோலை ஒட்ட வடிக்க வேண்டும். கம்பியில் வெள்ளைத் துணி சுற்றி உள்ளே விட்டுத் துடைத்து, எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும். வாடை இருந்தால் கப்பலில் ஏற்றக் கூடாது.

முதல் நாள் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எண்ணெய் நாட்டுக்குப் போகிற வண்டியை ஒரு சொட்டு இல்லாமல் துடைத்து அனுப்புகிறீர்களே என்று கேட்டாய். ஆனால் வேலையில் இறங்கியதும் உன் சிரிப்பு நின்றுவிட்டது. நாங்கள் ஒரு துணி விட்டால் நீ இரண்டாவதாகப் புதுத் துணி ஒன்று விடுவாய். காரணம் கேட்டபோது உன் மாமாவைப் பற்றிச் சொன்னாய். உங்கள் ஊர்ச் சாலையில் டேங்கர் கவிழ்ந்ததும், பெட்ரோல் அள்ள ஜனங்கள் வாளியோடு ஓடியதும், அந்தக் கூட்டத்தில் உன் மாமாவும் இருந்தபோது அது தீப்பிடித்ததும். பெட்ரோலைப் பார்த்து இவ்வளவு பயப்படுகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எங்கள் தமிழை நீ பிடித்துக்கொண்ட வேகம் இருக்கிறதே, அது தனிக் கதை. கேன்டீனில் தட்டை நீட்டி "சோறு கீதா?" என்று நீ கேட்டால் பரிமாறுகிறவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போடுவார்.

படப்பை பரோட்டா கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் நாட்டுக் கதையைச் சொன்னாய். கச்சா எண்ணெய் உங்கள் கரையிலிருந்து கப்பலில் போகிறது. சுத்திகரிக்கும் ஆலைகள் துருப்பிடித்து நிற்பதால் அதே எண்ணெய் பெட்ரோலாக இன்னொரு கப்பலில் திரும்பி வருகிறது. வாங்கிய விலை ஒன்று, பெட்ரோல் பங்கில் அதைவிட மலிவாக விற்கிற விலை ஒன்று. நடுவில் உள்ளதை அரசாங்கம் டாலரில் கட்டுகிறது. எனக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியவில்லை. வாலாஜாபாத்தில் நெல்லை விலைக்குப் போட்டுவிட்டு, கடையில் அரிசி மூட்டை வாங்கிக்கொண்டு திரும்புகிற குடும்பம் என்னுடையது. அதைச் சொன்னதும் மேஜையைத் தட்டி, "அதான் மச்சி, அதேதான்" என்றாய்.

அந்த மலிவு விலையை நீ ஆதரிக்கவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். வீட்டில் நாலு கார் வைத்திருப்பவனுக்கும், எல்லை தாண்டிக் கடத்துகிறவனுக்கும்தான் அதில் லாபம், நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி கட்டட்டும் என்று காரசாரமாகப் பேசினாய். படித்தவர்கள் எழுதுவதும் அதுதான். நானும் தலையாட்டினேன்.

நீ ஊர் திரும்பிச் சில காலம் கழித்து, ஒரே அறிவிப்பில் அந்த மலிவு விலையை நிறுத்தினார்கள். செய்தி எங்கள் கேன்டீன் டிவியில் ஓடியது. எங்கள் சூப்பர்வைசர் செல்வம், திருநெல்வேலிக்காரர், எழுந்து நின்று கணக்குச் சொன்னார்: "எல, பெட்ரோல் வெல ஏறுச்சுன்னா மைலேஜ் வண்டிதாம்ல ஓடும். இனி நமக்கு ஓவர்டைம்தான்." எங்கள் ஊரில் நாங்கள் கண்டது அதுதானே. இங்கே லிட்டருக்கு விலை ஏறினால் ஜனங்கள் பெரிய வண்டியை விட்டுச் சின்ன வண்டிக்கு வருவார்கள். அன்று சாயங்காலம் லைன் முழுக்க மைசூர்பாக் கொடுத்தோம். வாடகை அறைகளில் தங்கியிருந்த தென்மாவட்டப் பையன்கள் ஊருக்கு போன் போட்டு, ஓவர்டைம் வரப்போகிறது என்றார்கள். நீ கோர்க்கும் ஷெட்டுக்கும் நல்ல காலம் என்று நினைத்து உனக்கும் போன் போட்டேன்.

உனக்குப் பின்னால் ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. நீ சொன்னாய்: "மச்சி, எங்க ஊர்ல மைலேஜ் பாத்து வண்டி வாங்கமாட்டான். சோத்துக்கு வாங்குவான்."

உங்கள் ஊரில் எங்கள் பைக் வாடகை வண்டி என்பதும், அதன் பின்சீட்டில் ஏறித்தான் ஜனங்கள் சந்தைக்கும் வேலைக்கும் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அன்றைக்கு ஏனோ தோன்றவில்லை. பெட்ரோல் ஏறியதும் வாடகை ஏறியது. வாடகை ஏறியதும் ஜனங்கள் நடக்க ஆரம்பித்தார்கள். லாரியில் வருகிற தக்காளி, கிழங்கு எல்லாம் விலை ஏறின. கூடவே உங்கள் பணத்தின் டாலர் மதிப்பையும் சந்தை போன போக்கில் விட்டார்கள். அது சரிந்ததில், எங்கள் பெட்டிக்குக் கொடுக்க டீலர் கையில் டாலர் இல்லை. ஆர்டர் முதலில் குறைந்தது, பிறகு நின்றது. துறைமுகப் பெயர் அச்சடித்த பெட்டிகள் யார்டிலேயே தங்கின. இங்கே இரண்டாவது ஷிப்டை நிறுத்தினார்கள். மைசூர்பாக் தின்ற பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். செல்வமும் போய்விட்டார். எங்கோ ஒரு நாட்டில் பங்கில் எழுதுகிற விலை, இங்கே படப்பையில் 'அறை வாடகைக்கு' என்று போர்டு மாட்ட வைக்கும் என்று யார் நினைத்தது?

உன் ஷெட்டையும் பூட்டினார்கள். நீ கோர்த்த வண்டி ஒன்றையே வாடகைக்கு எடுத்து ஓட்டினாய். ஆஸ்பத்திரி கட்டினார்களா என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தாய், அவ்வளவுதான். கடைசியாக நாம் பேசியபோது, பங்கில் பாதி நாள் வரிசையில் போய்விடுகிறது, அதனால் கிடைக்கிற அன்றைக்குக் கேனில் பிடித்து அறையில் வைத்துக்கொள்கிறேன் என்றாய். அறைக்குள்ளயா என்று கேட்டேன். "வேற எங்க வைக்க?" என்றாய்.

அதன் பிறகு உன் தங்கையிடமிருந்துதான் செய்தி வந்தது. கரண்ட் போயிருக்கிறது. ஜெனரேட்டரில் பெட்ரோல் தீர்ந்து, அது சூடு ஆறுமுன் கேனிலிருந்து ஊற்றியிருக்கிறாய், தீ பற்றிக்கொண்டிருக்கிறது. மறுநாள் வண்டியை எடுக்க வேண்டும், அதற்குள் போனுக்குச் சார்ஜ் ஏற வேண்டும் என்ற அவசரம் என்று எழுதியிருந்தாள். உன் மாமாவின் பக்கத்திலேயே உன்னைப் புதைத்ததாகவும் எழுதியிருந்தாள். அன்று நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. உங்கள் நாட்டின் கணக்கு இப்போது நேராகிவருகிறது என்று அதற்குப் பிறகு டிவியில் ஒருவர் சொல்லக் கேட்டேன். இருக்கலாம். அந்தக் கணக்கில் உன்னை எந்தப் பக்கம் எழுதினார்கள் என்று அவரிடம் கேட்க வேண்டும்போல் இருந்தது.

இப்போது வேறு நாடுகளுக்குக் கொஞ்சம் வண்டி போகிறது. நான் அதே இடத்தில்தான் நிற்கிறேன். இன்றைக்கும் டீ குடித்துவிட்டுப் போய் முதல் வண்டியை வடித்தேன். துணி விட்டேன், முகர்ந்தேன், வாடை இல்லை. இரண்டாவது துணியை எடுத்தபோது புது சூப்பர்வைசர் வந்து நின்றார். "ஒரு வாட்டி பாத்தா போதாதா? டார்கெட் இன்னா ஆவுறது?" என்றார். கம்பியில் புதுத் துணியைச் சுற்றி, மூலை மூலையாகத் துடைத்து, வெளியே எடுத்து, நீ செய்வதுபோல மூக்கருகில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றுமில்லை, மச்சி. காய்ந்திருந்தது. பிறகுதான் பெட்டிக்கு ஆணி அடிக்கச் சொன்னேன்.