பத்தில் ஒன்று

நேற்று கூனிமேட்டு டீக்கடை டிவியில் வருமான வரி விவாதம். கோட்டு போட்ட ஒருவர் சொன்னார்: "எல்லாருக்கும் ஒரே விகிதம் வையுங்க. மக்கள் இன்னும் அதிகமா உழைப்பாங்க." என் கையில் டீ ஆறிப்போனது. அது உன் வாக்கியம். நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது.

உப்பளத்தில் வெயிலுக்கு ஒதுங்கக் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் வேண்டுமென்று கூட்டம் போட்டோமே. எங்களோடு உப்பு வாரிக்கொண்டே அஞ்சல்வழியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த நீதான் வழி சொன்னாய். கூலிக்காரர், லாரி ஓனர், யாராயிருந்தாலும் வருமானத்தில் பத்தில் ஒன்று.

உப்பு சுமக்கும் மேரியக்கா எழுந்தார். "எனக்குப் பத்துல ஒன்னு போனா ராச்சோறு போவுது. லாரிக்காரருக்கு என்னாப்பா போவுது?"

"ரேட்டு எல்லாருக்கும் ஒன்னுதானேக்கா. கூட சம்பாதிக்கிறவன்கிட்ட கூட புடுங்கினா எவன் உழைப்பான்? ஊக்கம் போயிடும்" என்றாய்.

"உன் ஊக்கத்த வறுத்துத் தின்னுடா!"

எல்லோரும் சிரித்தோம். கை தூக்கச் சொன்னபோது இரண்டு பக்கமும் சமம். இன்னும் தூக்காத என்னைப் பார்த்தாய். "டேய், தூக்குடா."

தூக்கினேன்.

முதல் மாதமே கொட்டகை எழுந்தது. தொட்டிக்காகப் பிடித்தம் தொடர்ந்தது. லாரி ஓனர் வீட்டில் ஒரு விளக்குகூட அணையவில்லை. உனக்கோ தங்கையின் நர்சிங் ஃபீஸ் இடித்தது. போனதை ஈடுகட்ட உச்சிவெயிலிலும் உப்புப் பாத்தியில் இறங்கினாய். நீ சொன்னது பலித்தது. ஒரே விகிதம் உன்னை இன்னும் அதிகமாக உழைக்க வைத்தது. அதற்குப் பெயர் ஊக்கம் இல்லையடா, பயம்.

நாங்கள் நிழலில் படுத்திருந்தோம். நீ உப்பு வாரும் பலகையின் சத்தம் சர்ர், சர்ர் என்று வந்துகொண்டிருந்தது. நின்றது. தண்ணீர் குடிக்கிறாய் என்று நினைத்தோம். அரைமணி கழித்துப் போனபோது உப்பின்மேல் குப்புறக் கிடந்தாய். அந்தக் கொட்டகையில் நீ ஒருநாள்கூடப் படுக்கவில்லை.

இப்போதும் மதியத்தில், ஆளில்லாத வெள்ளைப் பாத்தியிலிருந்து அந்தச் சத்தம் வருகிறது. கொட்டகையில் எல்லோரும் ஒரே நேரத்தில் தலை தூக்குகிறோம். "காத்துப்பா, படு" என்கிறார் மேரியக்கா. காற்று இருப்பதில்லை. எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இன்று காலை மறுபடி கூட்டம். சின்னக் கூலிக்குப் பிடித்தம் வேண்டாம், பெரிய வருமானத்துக்குப் பெரிய பங்கு என்று பேசினேன்.

"அப்போ நான் ரெண்டு வண்டிய நிறுத்திடறேன். ஒழைச்சு என்னா புண்ணியம்?" என்றார் லாரி ஓனர்.

"நிறுத்துங்க. நெழல்ல வந்து படுங்க, எடம் இருக்குது" என்றார் மேரியக்கா. யாரும் சிரிக்கவில்லை.

என் கை போக, மறுபடியும் சமம். இந்த முறை யாரும் சொல்லாமலே கை தூக்கினேன். இறக்கியபோது உள்ளங்கை முழுக்க ஈர உப்பு.

இன்று நான் பாத்தியில் இறங்கவே இல்லை.