கோலில் நிற்கச் சொன்னது நான்தான்

பாய்,

நேற்று என் லோடு வண்டியின் டிரைவர் சீட்டுக்கு ரெக்சின் மாற்ற உங்கள் கடைக்குப் போயிருந்தேன். இப்போது உங்கள் மச்சான்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறார். அவர் சொல்யூஷன் டப்பாவைத் திறந்தார். அந்தப் பசை வாசனை மூக்கில் ஏறியதும் என் தலை தானாக நிமிர்ந்தது. தையல் மெஷினுக்கு மேலே, ஆணியில், அந்த க்ளவுஸ் தொங்குகிறது. கறுப்பு ரெக்சின், உள்ளங்கையில் பைக் சீட்டு ஸ்பாஞ்ச், உங்கள் கைத்தையல். நீங்கள் போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம். யாரும் அதைக் கழற்றவில்லை.

நீங்கள் இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறேன். உங்கள் மேல் எனக்குப் பொறாமை இருந்தது பாய். இருந்தது என்ன, இருக்கிறது.

நம் பழக்கமே பிள்ளைகளின் ஃபுட்பால் மைதானத்தில் ஆரம்பித்ததுதான். உங்கள் நஸ்ரீனும் என் காவ்யாவும் ஒரே வயது, ஒரே டீம். பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்துக்காக மைதானம் பஸ் ஸ்டாண்ட் ஆகிவிடும். அன்றைக்குப் பிள்ளைகளை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போவோம். மணிலாக் கடலை மூட்டை இறக்கிய வண்டி. இறங்கும்போது எல்லாப் பெண்களின் பேண்ட்டிலும் கடலைத் தோல் ஒட்டியிருக்கும்.

நான் கோட்டோரம் ஓடிக்கொண்டே கத்துவேன். காவ்யாவிடம் பந்து வருமுன்பே “அடி! அடி!” என்பேன். அவள் பந்தைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பாள். நீங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் குந்திக்கொண்டு சிரிப்பீர்கள். “பந்து வரட்டும் மொதலாளி. வராத பந்துக்கு ஏன் தொண்டைய கிழிச்சிக்கிறீங்க?”

சைக்கிளில் மணிலா கட்டி விற்று மேலே வந்தவன் நான். ஃபுட்பாலும் அப்படித்தான், ஓடியாடி இடம் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். லீக் மேட்ச் ஜாஸ்தி என்று ஆசிரமத்துப் பக்கம் இருந்த க்ளப்புக்குக் காவ்யாவை மாற்றினேன். அங்கே பாதி ஆட்டம்தான் இறக்குகிறார்கள் என்று ஆறு மாதத்தில் திரும்ப இழுத்து வந்தேன். இரண்டு தடவையும் நீங்கள் ஒன்றுதான் கேட்டீர்கள்: “காவ்யா இன்னா சொல்லுது?” நான் அவளைக் கேட்டிருந்தால்தானே பதில் சொல்ல.

நஸ்ரீன் கோலில் நின்றது வேறு யாரும் நிற்க ஒத்துக்கொள்ளாததால். கடையில் நல்ல கீப்பர் க்ளவுஸின் விலையைக் கேட்டதும் நீங்கள் அதை உள்ளும் புறமும் புரட்டி, தையலைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டீர்கள். இரண்டு நாளில் உங்கள் மெஷினில் ஒன்று தயார். அன்று சாயங்காலம் வந்த பந்தையெல்லாம் அந்தப் பெண் பிடித்தாள். வெளிநாட்டு பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவன் நான், சீட்டு ஸ்பாஞ்சைப் பார்த்து வயிறெரிந்தேன்.

அப்புறம் வேலூரில் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்‌ஷன் வந்தது. தேர்வானால் ஹாஸ்டல், படிப்பு, ஆட்டம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதற்கு முந்தின வாரம் கோச் சும்மா நஸ்ரீனை முன்னால் ஆடவிட, அவள் இரண்டு கோல் போட்டாள். காவ்யா ஒன்றும் போடவில்லை. ஆட்டம் முடிந்து டீக்கடையில் நீங்கள் கேட்டீர்கள்.

“மொதலாளி, நீங்க வியாபாரி. யோசிச்சு சொல்லுங்க. நஸ்ரீன ஃபார்வர்டுலயே இறக்கிடலாமா? கோல்ல நின்னா யார் கண்ணுல படும்?”

“வேணாம் பாய். இத்தினி நாள் நின்ன எடம். இப்ப ஏன் மாத்தறீங்க?”

“அப்படியா சொல்றீங்க?”

“அப்படித்தான். கோல்லயே நிக்கட்டும்.”

என் மகளின் வழியில் உங்கள் மகள் வரக்கூடாது. அவ்வளவுதான் பாய். வேறு யோசனை எதுவும் என் மனதில் இல்லை.

வேலூரில் ஃபார்வர்டு வரிசை தர்ம தரிசனக் க்யூ மாதிரி கேட் வரை நின்றது. கீப்பர்கள் வாங்க என்று கூப்பிட்டபோது நான்கு பெண்கள்தான் எழுந்தார்கள். எனக்குக் குப்பென்று வேர்த்தது. ஊரெல்லாம் மணிலா கொண்டுவரும் நாளில் விலை விழும் என்று மண்டிப் பக்கமே போகாதவன் நான். அந்தப் புத்தி என் மகள் விஷயத்தில் எங்கே போயிற்று?

தேர்வு செய்ய வந்தவர் அந்த க்ளவுஸைப் புரட்டிப் பார்த்து, “இது எந்தக் கம்பெனிம்மா?” என்றார்.

“பைக் சீட்டு கம்பெனி சார்! மழையில நனையாது!” என்று நீங்கள் வேலிக்கு வெளியே இருந்து கத்தினீர்கள். மைதானமே சிரித்தது. அடுத்த பந்துக்கு நஸ்ரீன் பாய்ந்த பாய்ச்சலில் சிரிப்பு நின்றுவிட்டது.

சாயங்காலம் பெயர் வாசித்தார்கள். நஸ்ரீன் இருந்தாள், காவ்யா இல்லை. என் சட்டையில் முகத்தைப் புதைத்து அவள் அழுதுகொண்டிருக்க, நீங்கள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டீர்கள். “நீங்க சொல்லலன்னா நான் மாத்தியிருப்பேன் மொதலாளி!”

அதன்பின் நான் செய்ததையும் கேளுங்கள். அடுத்த வாரமே விலை கேட்காமல் கீப்பர் க்ளவுஸ் வாங்கிவந்து காவ்யாவைக் கோலில் நிறுத்தினேன். போன வருஷம் விலை ஏறியதை இந்த வருஷம் விதைக்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பவன்தான் நான். “அப்பா, பந்து வர்றப்ப எனக்குக் கண்ணு மூடிக்குதுப்பா” என்றாள். கேட்கவில்லை. மூன்று மாதம் நிறுத்தினேன். நான்காவது மாதம், படிக்க வேண்டும் என்று சொல்லி பூட்ஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

ஒவ்வொரு பக்ரீதுக்கும் முதல் பிரியாணி டப்பா என் வீட்டுக்கு வந்தது. “வழி காட்டினவருக்கு மொத டப்பா” என்று வாசலில் நின்று சொல்வீர்கள். பிரியாணி ருசியாக இருக்கும். நீங்கள் சொன்னதுதான் தொண்டையில் நிற்கும். செலக்‌ஷனுக்குப் போகிற பெற்றோரையெல்லாம் “மொதலாளிய கேளுங்க” என்று வேறு அனுப்பி வைத்தீர்கள். இன்றும் வருகிறார்கள்.

நேற்று உங்கள் கடைக்கு டீ கொண்டுவந்தது நஸ்ரீன். ப்ளஸ் டூ முடித்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். உங்களைவிட உயரமாகிவிட்டாள்.

“அங்கிள், அத்தா இருந்தா உங்களத்தான் கேக்கச் சொல்வாரு. சென்னையில பெரிய க்ளப்புல கூப்பிடறாங்க, ஆனா நான் மூணாவது கீப்பர். கோயம்புத்தூர்ல சின்ன க்ளப்பு, மொத மேட்ச்சுலருந்தே நான்தான். எதுக்குப் போறது?”

பழைய நாக்கு எழுந்தது பாய். பெரிய க்ளப்புக்குப் போம்மா என்று நான் சொன்னால் ஒருவரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். இவளும் கொஞ்சம் பெஞ்சில் உட்காரட்டுமே, என் மகள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாளே என்று வந்தது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, டீக்கடையில் அன்று உங்களுக்கு ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அவளிடம் அப்படியே சொன்னேன். மச்சான் மெஷினை நிறுத்திவிட்டார்.

நஸ்ரீன் நிமிர்ந்து க்ளவுஸைப் பார்த்தாள். “அதான் வேலூர்ல உங்களுக்கு அப்படி வேர்த்துச்சா?” என்றாள். பிறகு, “சரி, அது இருக்கட்டும் அங்கிள். இப்ப எதுக்குப் போறது?”

“சின்ன க்ளப்புக்கு. பந்து வர்ற எடத்துல நில்லு.”

“இந்த வாட்டி நல்ல எண்ணத்துலதானே?”

“பாதி” என்றேன்.

சிரித்தாள். உங்கள் சிரிப்பு. என் மகள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. அதற்கும் பொறாமைப்பட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் காவ்யாவிடம் கேட்டேன். நீங்கள் என்னிடம் கேட்டதை, ஐந்து வருஷம் கழித்து: “நீ இன்னா சொல்ற? மறுபடி ஆடணும்னு இருக்குதா?”

அவள் போனிலிருந்து தலையைத் தூக்கி என்னை அதிசயமாகப் பார்த்தாள். “ஆட வேணாம்பா. நஸ்ரீன் மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறியா? ஆனா நீ கத்தக்கூடாது.”

கத்த மாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். கோல் கம்பத்துக்குப் பின்னால், நீங்கள் குந்துகிற இடத்தில், நாங்கள் இருவரும் இருப்போம். பொறாமை எங்கேயும் போகாது பாய், அதுவும் கூடவே வரும். பந்து வரும்வரை வாயை மட்டும் மூடிக்கொண்டிருப்பேன்.